பகடையில் பிறந்த புதினம்

ஒரு நூலை அதன் பிறப்பைக் கொண்டு எடைபோடலாமா என்பது திறனாய்வாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா. கோயிலில் பிறந்த பாட்டும் உண்டு. கூத்தாடும் களரியில் பிறந்த பாட்டும் உண்டு. பிறந்த இடம் எதுவாயினும் நின்று நிலைப்பது அதன் உள்ளீட்டினாலேயாம். ஆயினும் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்றிலிருந்து பிறந்த புதினத்தை இலக்கியம் என எவரேனும் நம்மிடம் கூறியிருப்பின், அண்மைக் காலம் வரை நகைத்திருப்போம்.

அந்நகைப்பை நிறுத்தியவன் நம் மகன். பதினாறு வயதினன். சங்க நூலகத்திலிருந்து நாம் கொணர்ந்து தரும் தமிழ் நூல்களைத் தொடாதவன், தடித்த ஆங்கில நூல் ஒன்றை இரவெல்லாம் படித்துக் கிடந்தான். கடிந்துகொண்டோம். “படித்துவிட்டுத் திட்டுங்கள், அப்பா” என்றான். நேரிய விடை. எனவே கண்டிப்பதற்கென்றே படிக்கத் தொடங்கினோம். மூன்று தொகுதிகளையும் முடித்தோம். பிற வாசகர் கருத்துகளையும் கேட்டறிந்தோம். அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் அதனை வகுத்தனர். ஒருவர் கதைக்களத்தை விரித்துரைப்பார். ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, தாம் செய்வதைச் சொல்லிவருவர். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். ஒவ்வொருவர் உயிருக்கும் புள்ளிக் கணக்கு உண்டு.

இவ்வாட்டத்தைக் களமாகக் கொண்டு 1978இலேயே ஆண்ட்ரே நார்ட்டன் அம்மையார் ‘க்வாக் கீப்’ என்னும் புதினத்தை எழுதினார். ஆயினும் பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டியது 1984இல் வெளிவந்த ‘டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்வைலைட்’ என்பதே. மார்கரெட் வைஸ் அம்மையாரும் டிரேசி ஹிக்மேன் என்பாரும் இணைந்து எழுதியது. அடுத்த இரு தொகுதிகளும் 1985இல் வந்தன. ஐந்தாண்டுகள் பிரிந்திருந்த நண்பர்கள் மரங்களின்மேல் அமைந்த ஊரொன்றின் விடுதியில் மீண்டும் கூடுகின்றனர், போர் மூளுகின்றது, மறக்கப்பட்ட தெய்வங்களைத் தேடி அலைகின்றனர். இதுவே கதையின் வித்து.

இந்நூலைக் குறைகூறும் வாசகர் சொல்வன மூன்று. முதலாவது, பக்கங்களுக்கிடையே பகடை உருளும் ஓசை கேட்கின்றது என்பது. இதனை நாமும் ஏற்கிறோம். முதற்றொகுதியில் சாக் சரோத் என்னும் பாழ்நகருக்குள் நண்பர்கள் இறங்கும் பகுதியைப் படிப்போர்க்கு ஆட்ட வரைபடத்தின்மீது விரல் ஊர்வது போலவே தோன்றும். ஓர் அறை, ஓர் எதிரி, ஒரு தப்பித்தல். பின்னர் மற்றோர் அறை. நிகழ்ச்சி உண்டு, நெஞ்சு இல்லை.

இரண்டாவது, கதையில் உள்ள இடைவெளி. முதற்றொகுதி முடிந்து இரண்டாவதைத் திறந்தால், குள்ளர்களின் மலைநகரில் தொன்மையான சம்மட்டியைத் தேடிக் கண்ட பெரும் பயணம் முன்னரே நடந்து முடிந்துவிட்டதாகக் கூறப்படுகின்றது. ஆட்டத்தை ஆடியவர் அதனை அறிவர். நூலை மட்டும் வாங்கியவர் திகைப்பர். இக்குறை ஆசிரியர்களுக்கும் உறுத்தியிருத்தல் வேண்டும். 2006இல் அப்பயணத்தைத் தனிநூலாகவே எழுதினர். விடுபட்ட பிற பகுதிகளுக்கு 2007இலும் 2009இலும் மேலும் இரு நூல்கள் வந்தன. வாசகர் முறையீடு வீண்போகாது என்பதற்கு இஃதொரு சான்று.

மூன்றாவது, மாந்தர் அனைவரும் அச்சில் வார்த்தவர் என்பது. முரட்டுக் குள்ளர், மானம் பெரிதெனும் வீரர், குறும்புச் சிற்றுருவர் எனச் சிலர், ஆட்டத்தின் வகைப்பட்டியலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டோராகவே தோன்றுவர். டோல்கீன் 1950களில் நட்ட தோட்டத்தில் பறித்த மலர்கள் என்பாரும் உளர். இதில் பாதி உண்மை.

மறுபுறம், இந்நூலைப் போற்றுவோர் பெரும்பாலும் இளமையில் படித்தவர். எவ்வளவு குறை சொன்னாலும் ரைஸ்ட்லினை மறக்க இயலவில்லை என்பர். ஸ்டர்ம் மாண்ட பக்கத்தில் அழுதோம் என்பர். ஏன் அழுதோம் என்பதை மட்டும் அவர்கள் விளக்குவதில்லை. அதனை விளக்குவதே திறனாய்வின் கடமை.

மைய அரசின் அலுவலகத்தில் விதிகளையும் துணைவிதிகளையும் புரட்டியே இருபது ஆண்டுகளைக் கழித்தவர் நாம். விதி இருப்பது குற்றமன்று என்பதை அறிவோம். யாப்பு விதியன்றோ? திணையும் துறையும் விதியன்றோ? விதி ஒரு மனிதனிடம் என்ன விலை கேட்கின்றது என்பதே வினா. விலை கேளாத விதி வெறுங்கணக்கு. விலை கேட்கும் விதியிலிருந்தே கதை பிறக்கின்றது.

ரைஸ்ட்லினைப் பாருங்கள். மந்திரத்தை ஒருமுறை கூறியதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். ஓய்ந்தபின் ஏட்டைப் பார்த்து மீண்டும் உருப்போட வேண்டும். இஃது ஆட்டத்தின் விதி. ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளரின் கதைகளிலிருந்து ஆட்டத்தார் கொண்டது. புதினத்திலோ இவ்விதி ஒரு மனிதனின் நோயாகிவிடுகின்றது. மந்திரம் சொல்லி முடித்தவன் குருதி கக்கி இருமுகிறான். தான் வெறுக்கும் வலிமை படைத்த இரட்டைச் சகோதரன் கேரமனின் தோளிலேயே சாய வேண்டியவனாகிறான். மணற்கடிகை வடிவான அவன் விழிகளுக்கு எல்லாமே மூப்படைந்து அழிவதாகவே தெரிகின்றது. அன்பைப் பெறுவதும் அதனாலேயே சிறுமையுறுவதும் ஒருங்கே நிகழும் அவ்வுறவை எந்தப் பகடையும் உருட்டித் தரவில்லை. ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்த நாளில் அவ்வேடம் பூண்ட நண்பர் ஒருவர், தாமாகவே கரகரத்த தாழ்குரலில் பேசத் தொடங்கினாராம். அக்குரலிலிருந்தே பாத்திரம் உருப்பெற்றது என்பர். விதி உடலைத் தந்தது. மனிதன் குரலைத் தந்தான்.

ஸ்டர்மின் முடிவோ விதியையே மீறுகின்றது. ஆட்டத்தில் சாவு என்பது புள்ளிகள் தேய்ந்து சுழியாதல். இரண்டாம் தொகுதியில் கோட்டை மதிலின்மேல் அவன் தனியனாய் நிற்கின்றான். தோழருக்குச் சிறிது பொழுது ஈட்டித் தருவதற்காகவே நிற்கின்றான். டிராகன்மேல் வந்து அவனைக் கொல்பவளோ பழைய தோழி. அங்கே கணக்கு நின்றுவிடுகின்றது. ஒரு மனிதனின் தேர்வு மட்டுமே எஞ்சுகின்றது.

பகடை நமக்குப் புதியதன்று. நளன் கதையை எண்ணுவோம். சூதில் எந்தக் காய் எவ்வாறு விழுந்தது என்பதை எவர் நினைவில் வைத்துள்ளார்? காட்டில் உறங்கும் தமயந்தியின் ஆடையை அரிந்துகொண்டு அவன் நீங்கிய இருளே நெஞ்சில் நிற்கின்றது. மூன்றாம் தொகுதியில் கடற்சுழலில் கப்பல் சிக்கியபோது ரைஸ்ட்லின் தன்னை மட்டும் காத்துக்கொண்டு உடன்பிறந்தானைக் கைவிடும் இடத்தில் நமக்கு அவ்விருளே நினைவுக்கு வந்தது. நளனைக் கலி ஆட்டினான். இவனை ஆட்டியது இவன் விருப்பமே. வேறுபாடு பெரிது. ஆயினும் இருவரிடத்தும் ஆட்டம் மறைந்து மனிதன் தெரிகின்றான்.

ஆகவே நம் தீர்ப்பு இது. முதற்றொகுதி பெரும்பாலும் ஆட்டத்தின் நிழல். பின்னிரண்டும் அந்நிழலிலிருந்து பலவிடங்களில் வெளிவந்தவை. நடை எளியது; சிலவிடங்களில் மிக எளியது. பெருங்காப்பியம் என்பார் மிகைபடக் கூறுகின்றனர். குப்பை என்பார் படியாது கூறுகின்றனர்.

இப்பிற்கூற்றினர் வரிசையில் நாமும் நின்றோம் என்பதை மறைத்தல் தகாது. கோப்பைப் பிரித்துப் பாராமல் குறிப்பு எழுதும் எழுத்தரை அலுவலகத்தில் நாமே பலமுறை கண்டித்துள்ளோம். வீட்டில் அதனையே செய்தோம். மூன்றாம் தொகுதியை மூடிய இரவில் மகன், “எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அப்பா?” எனக் கேட்டான். “மதில்மேல்” என்றோம். “நானும் அங்கேதான்” என்றான். மறுவாரம் நளவெண்பாவை அவன் மேசைமீது வைத்தோம். படிக்குமாறு சொல்லவில்லை. இன்னும் பாதியில்தான் இருக்கின்றான். ஆனால் திருப்பித் தரவில்லை.