பொறியியல் மாணவரின் ஈடுபாடும் மின்வழிக் கற்றலும்: என்பிடெல் பாடங்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

நல்லாசிரியரின் விரிவுரை ஊர் வேறுபாடின்றி எல்லார்க்கும் எட்ட வேண்டும் என்னும் நோக்கில் பொறியியல் கல்வியுள் மின்வழிக் கற்றல் நுழைந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பதிவான விரிவுரையை விருதுநகர் மாவட்டம் செட்டியார்பட்டியில் வாழும் மாணவரும் இன்று கைப்பேசியில் கேட்கலாம். எனினும் பாடம் கிடைத்தல் வேறு. பாடத்தில் ஈடுபடுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவினை என்பிடெல் பாடங்களின் அமைப்பைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பாடங்களின் வளர்ச்சி

ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, நடுவணரசின் நிதியுதவியுடன் 2003ஆம் ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கின. தொடக்கத்தில் இது விரிவுரைக் களஞ்சியமாகவே விளங்கியது. 2014 முதல் வாரந்தோறும் ஒப்படைப்பும் இறுதித் தேர்வும் கொண்ட சான்றிதழ்ப் பாடங்கள் வந்தன. 2017இல் ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டது. இம்மதிப்பெண்களைப் பட்டப்படிப்பின் தகுதிப்புள்ளிகளாக ஏற்கவும் வழி பிறந்தது. 1984இல் கிருஷ்ணன்கோவிலில் தொடங்கிய கலசலிங்கம், 2013இல் இராசபாளையத்தில் தொடங்கிய ராம்கோ முதலிய பொறியியல் நிறுவனங்கள் உள்ள இவ்வட்டாரத்திற்கு இம்மாற்றம் பொருளுடையது.

மதிப்பீட்டு முறையும் ஈடுபாடும்

பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளின் சராசரி 25 விழுக்காடும், நேரடித் தேர்வு 75 விழுக்காடும் பெறுவது வழக்கம். இணைய வசதி தடைப்படுவோர்க்கும் கல்லூரித் தேர்வுக் காலத்தில் பின்தங்குவோர்க்கும் இது நியாயமான சலுகையே. ஆயினும் நான்கு வாரப் பாடத்தைக் கேளாமலே விட்டாலும் ஒப்படைப்பு மதிப்பெண் குறைவதில்லை. பொறியியலோ படிப்படியாக ஏறும் அறிவு. கிர்க்காஃப் விதிகளைத் தவறவிட்டவருக்கு அடுத்து வரும் மின்சுற்றுப் பகுப்பாய்வு விளங்காது. மேலும், பல ஒப்படைப்புகள் விடையைத் தெரிவு செய்யும் வினாக்களாக உள்ளன. அவற்றின் விடைகள் இணையத்தில் உலவுவதால், காணொளியைத் திறவாமலே மதிப்பெண் பெறுதல் இயல்கிறது. ஈடுபாட்டை அளக்க வந்த கருவி ஈடுபாட்டிற்கு மாற்றாக அமைந்துவிடுகிறது.

மொழிச் சிக்கல்

தமிழ்வழியில் பயின்று வருவோர்க்கு விரிவுரையின் வேகமும் ஆங்கிலமும் இரட்டைச் சுமை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் பிரிவுகளில் தமிழ்வழிக் கல்வியைத் தொடங்கியதே இச்சுமையை உணர்த்தும். என்பிடெல் விரிவுரைகளின் எழுத்து வடிவம் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருப்பது பாராட்டிற்குரியது. ஆனால் கரும்பலகையில் 'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெய்ன்' என ஆங்கிலத்தில் எழுதப்படுவனவே தகைவும் திரிபும் என்பதை மாணவர் தாமே பொருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. கலைச்சொல் இரு மொழியிலும் ஒருங்கே தோன்றினால்தான் மொழிபெயர்ப்பு கற்றலுக்குத் துணையாகும்.

உள்ளூர் ஆசிரியரின் இடம்

நாடு முழுமைக்கும் பொதுவான பாடம் எந்த ஊரின் தொழிலையும் சுட்டுவதில்லை. இராசபாளையமோ நூற்பாலைகளால் அறியப்பட்ட ஊர். சுழலும் உறுப்புகளின் அதிர்வு பற்றிய விரிவுரையை நடுவில் நிறுத்தி, 'நூற்பாலையின் கதிர் சமநிலை தவறினால் நூல் என்னாகும்?' என வினவக்கூடியவர் உள்ளூர் ஆசிரியரே. விடையை முன்கூட்டி ஊகித்த பின் காணொளியைத் தொடரும் மாணவர், தம் ஊகத்தைச் சரிபார்க்கும் ஆவலுடன் கேட்பார். வழிகாட்டியின் பணி பதிவு எண்ணிக்கையைக் கூட்டுவதோடு நின்றால் இவ்வாய்ப்பு வீணாகும்.

முடிவுரை

பாடங்களை எல்லார்க்கும் எட்டச் செய்ததில் என்பிடெல் பெரும்பணி ஆற்றியுள்ளது. மாணவரை ஈடுபடுத்தும் பொறுப்பைக் காணொளியிடமே ஒப்படைத்தல் பொருந்தாது. செய்துகாட்டும் ஒப்படைப்பு, இருமொழிக் கலைச்சொல், வகுப்பறை உரையாடல் ஆகிய மூன்றும் இணையும்போதே சான்றிதழ் கற்றலின் சான்றாகும். இல்லையேல், முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் கைநிறையச் சான்றிதழ்களுடனும் ஐயம் தீராத அறிவுடனும் நேர்காணலுக்குச் செல்ல நேரும். அவ்விழப்பு அவரை மட்டுமே சேரும்.