அறுபதில் நடுங்கிய ஜிப்ஸி

ஐம்பத்தைந்து வரை ஒன்றும் தெரியாது. அறுபதைத் தொட்டதும் தரைத்தகட்டிலிருந்து நடுக்கம் கிளம்பும். முதலில் டிரான்ஸ்பர் கேஸ் கம்பி துடிக்கும், பிறகு கியர் கம்பி, பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு கிறுகிறுப்பு. எழுபதைத் தாண்டினால் தணிந்துவிடும். வண்டி 2003 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். இரண்டு முறை ஆர்.சி. புதுப்பித்து வைத்திருக்கிறேன். வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூருக்கு சி.டி.எச். சாலையில் போகிறவர்களுக்கு அறுபதுதான் அன்றாட வேகம். அந்த வேகத்தில்தான் இந்தத் தொல்லை. எட்டு மாதம் அதோடு ஓட்டினேன்.

அந்த எட்டு மாதத்தில் இரண்டு தடவை வீல் பேலன்சிங் ஆனது. முன் டயர் பின்னுக்குப் போனது. பின் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரண்டு கிராஸும் புதிதாக மாறின. "கிராஸ்தான் தம்பி, சந்தேகமே வேணாம்" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். இன்னொன்றில், "இன்ஜின் மவுண்டிங் உக்காந்துடுச்சு." யாரும் ஏமாற்றவில்லை. அனுபவத்தில் அதிகம் பார்த்த கோளாறை முதலில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஊகத்துக்கும் பணம் கொடுத்தது நான்.

கடைசியில் வழி காட்டியது போனில் ஓடும் ஓர் இலவசச் செயலி. பெயர் ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2016-இல் வெளியிட்டது. மாணவர்கள் போனையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகச் செய்தார்கள். விளம்பரம் கிடையாது. அதில் 'ஆக்சலரேஷன் ஸ்பெக்ட்ரம்' என்று ஒரு சோதனை இருக்கிறது. போனுக்குள் இருக்கும் அசைவு உணரியின் அளவைப் பிரித்து, நொடிக்கு எத்தனை அதிர்வு என்று ஹெர்ட்ஸ் கணக்கில் வரைந்து காட்டும். எந்த அதிர்வு பலமாக இருக்கிறதோ அங்கே ஒரு முகடு எழும்பும்.

ஜிப்ஸிக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், அதன் அடிக்கட்டு அப்படி. மற்றப் பெரும்பாலான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டியே இருக்கும். ஜிப்ஸியில் அது தனியாக, சேஸில் மூன்று ரப்பர் மவுண்டிங்கில் தொங்குகிறது. கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டை ஷாஃப்ட் போகிறது. அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஆக மூன்று ஷாஃப்ட். குட்டை ஷாஃப்ட் சுற்றும் வேகம் வேறு, பின் ஷாஃப்டின் வேகம் வேறு, சக்கரத்தின் வேகம் வேறு. எது கெட்டாலும் அதற்கென்று ஒரு எண் உண்டு. எண்ணைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

அந்த எண்களைப் போட எனக்கு ஒரு மதியம் பிடித்தது. டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்தேன்: இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு எட்டுச் சுற்று. அடுத்தது பின் ஷாஃப்ட். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன். இங்கே பலர் தவறுவார்கள். மறு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்கிவிடும். அதனால் தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றித்தான் ஷாஃப்டில் போட்ட கோட்டை எண்ண வேண்டும். நான்கு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. எட்டை அதனால் பெருக்கினால் பின் ஷாஃப்டுக்கு 30 ஹெர்ட்ஸை ஒட்டி. ஹை ரேஞ்சில் டிரான்ஸ்பர் கேஸ் சுமார் 1.4 மடங்கு வேகத்தைக் குறைக்கிறது. எனவே அதற்கு முன்னால் இருக்கும் குட்டை ஷாஃப்டுக்கு 42, 43.

இன்னொரு பெருக்கலும் தேவை. ஷாஃப்ட் கோணலாகச் சுற்றும்போது கிராஸ் ஜாயின்ட் ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஐ.டி.ஐ.யில் ஹூக்ஸ் ஜாயின்ட் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். இரு முனைக் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று அடித்துவிடும். சமம் கெட்டால் சுற்று வேகத்தின் இரு மடங்கில் அதிர்வு வரும். ஆகவே பின் ஷாஃப்டில் எடைச் சமநிலை கெட்டிருந்தால் 30, கோணம் கெட்டிருந்தால் 60. குட்டை ஷாஃப்டுக்கு 43 அல்லது 85. டயர் என்றால் 8. இதைக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடியற்காலை நெமிலிச்சேரியில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்தோம். ஒரே வேகத்தில் இருபது நொடி தடையில்லாமல் ஓட்ட இந்தப் பக்கம் வேறு இடம் இல்லை. ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டான். போனை ஸ்டாண்டில் மாட்டுவதும் தப்பு, ஸ்டாண்ட் தன் இஷ்டத்துக்கு ஒரு ஆட்டம் போடும். தரை விரிப்பை விலக்கி, டிரான்ஸ்பர் கேஸுக்கு நேர் மேலே வெறும் தகட்டில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினோம். வேகத்துக்கு மீட்டரை நம்பாமல் ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டோம்.

நான்காவது கியரில் 85-இல் முகடு தெளிவாக நின்றது. கோளாறு கிடைத்துவிட்டது என்று அங்கேயே திரும்பியிருந்தால் மறுபடி தப்பான பாகத்தை மாற்றியிருப்பேன். நான்காவது கியர் நேரடி கியர். இன்ஜினும் குட்டை ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றில் இரண்டு தடவை வெடிக்கும். அதுவும் அதே 85. இன்ஜின் மவுண்டிங் என்று சொன்னவரின் ஊகத்துக்கும் இதில் இடம் இருக்கிறது. அதனால் அதே அறுபதில் ஐந்தாவது கியருக்கு மாற்றினேன். இன்ஜினின் சிறு முகடு தனியாகப் பிரிந்து 70 பக்கம் இறங்கிப் போனது. பெரிய முகடு 85-இலேயே நின்றது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வளர்ந்தது, விட்டால் சுருங்கியது. அந்தத் திரையைப் பார்த்த கணத்தில் எட்டு மாதக் குழப்பம் தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. என்னுடைய போன் நொடிக்கு 200 தடவை அளக்கிறது. அதில் பாதி, அதாவது 100 ஹெர்ட்ஸ் வரைதான் அதன் பேச்சை நம்பலாம். மச்சானின் போன் நொடிக்கு 100 தடவைதான் அளக்கும், எனவே 50 வரை மட்டுமே. அதில் 85 இருக்கும் இடமே இல்லை. அது அத்தோடு விடவில்லை, 15-இல் ஒரு பொய் முகடு காட்டியது. நூறில் 85 போனால் 15: வேகமான அதிர்வைப் போதாத வேகத்தில் அளந்தால் இப்படி மடங்கித் தெரியும். அதை நம்பியிருந்தால் மறுபடியும் சக்கரத்தைக் கழற்றியிருப்போம். உங்கள் போனின் அளவு வேகத்தைச் செயலியிலேயே பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்தேன். குட்டை ஷாஃப்டின் கிராஸில் ஆட்டம் இல்லை, துரு இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் இடப்பக்க மவுண்டிங்கில் டார்ச் அடித்தால், வெளியிலிருந்து முழுசாகத்தான் இருந்தது ரப்பர். டாமி ராடைக் கொடுத்து மெல்ல நெம்பினேன். இரும்புத் தகட்டிலிருந்து ரப்பர் வாயைப் பிளந்துகொண்டு விலகியது. கட்டைவிரல் நகம் முழுக்க உள்ளே போகும் பிளவு. வண்டி நிற்கும்போது எடையால் பிளவு மூடிக்கொள்கிறது. அதனால்தான் அடியில் பார்த்தவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஓடும்போது, இழுவை ஏறியதும் கேஸ் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து குட்டை ஷாஃப்டின் கோணத்தைக் கெடுத்திருக்கிறது.

மூன்று ரப்பரையும் ஒன்றாக மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது விறைப்பாகவும் பழையது தொய்ந்தும் நின்று கோணம் மறுபடி கெடும். புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஜிப்ஸிக்கு எல்லாமே கிடைக்கும், ஆனால் ரப்பரை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்டால் குறி போடுவது கட்டாயம். மாட்டும்போது யோக்குகள் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் இல்லாத நடுக்கத்தை நாமே கொண்டுவந்துவிடுவோம்.

இந்தப் பகுதியில் பழைய பஜேரோ வைத்திருப்பவர்கள் பலர். வியப்பில்லை, திருவள்ளூர் அருகே அதிகத்தூரில் இன்று சிட்ரோயன் கார்கள் உருவாகும் ஆலையில்தான் ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சரையும் பஜேரோவையும் கட்டியது. அவர்களுக்கும் இந்த முறை உதவும், கணக்குதான் மாறும். பஜேரோவில் டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸோடு சேர்ந்தது, நடுவில் குட்டை ஷாஃப்ட் கிடையாது. முன்பக்கம் ஜிப்ஸி போலக் கெட்டி ஆக்சிலும் அல்ல. தனித்தனி அரை ஷாஃப்ட் என்பதால் அங்கே சி.வி. ஜாயின்டையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

செயலியைப் பற்றி என் தீர்ப்பு இது. ஃபைஃபாக்ஸ் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. எண்ணை மட்டும்தான் கொடுக்கும். பெருக்கிப் பார்க்கும் பொறுமையும், கியர் மாற்றிச் சோதிக்கும் கவனமும் நம்முடையதாக இருக்க வேண்டும். சத்தத்துக்கு இந்தச் சோதனையால் பயனில்லை, நொடிக்கு நூறுக்கு மேல் போகும் பேரிங் முனகலை இந்த உணரி பிடிக்காது. அறுபது, எண்பதில் வரும் நடுக்கத்துக்கு இதைவிட நல்ல கருவியை நான் இன்னும் கையில் எடுத்ததில்லை. இன்று என் வண்டியில் அதே சாலை, அதே வேகம், அதே இடத்தில் போன். 85-இல் இருந்த முகடு பக்கத்து அதிர்வுகளோடு கலந்து, தேடினால்தான் தெரிகிறது. உங்கள் வண்டி நடுங்கினால் பட்டறைக்குப் போகும் முன் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.