முதல் 30 நாள் மட்டுமா கணக்கு?

வெடிக்காத வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு, உடல் தாங்கும் என்றால் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையே போதும், ஈவார் (தொடைத் தமனி வழியே உள்ளிருந்து குழாய் பொருத்தும் முறை) வேண்டாம் என்று 2018-இல் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வரைவு வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. 2020 மார்ச்சில் வந்த இறுதி வழிகாட்டுதலில் அந்தக் கறார் தளர்ந்திருந்தது. ஈவாருக்காகப் பேசுகிறவர்களின் வாதம் அன்றும் இன்றும் ஒன்றுதான்: தொடையில் சிறு துளை, சில நாளில் வீடு, உயிருக்கு ஆபத்து குறைவு.

மறுக்கவில்லை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஈவார்-1 ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தவர்கள் திறந்த அறுவையில் 4.7%, ஈவாரில் 1.7%. வீக்கம் வெடித்து வரும் முதியவருக்கும் ஈவார் பெரிய உதவி.

ஆனால் அதே ஆய்வின் 15 ஆண்டுத் தொடர்ச்சி 2016-இல் வெளிவந்ததே, அதை ஏன் யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை? தொடக்கத்தில் கிடைத்த ஆதாயம் சில ஆண்டுகளில் கரைந்தது. 8 ஆண்டுகளுக்குப் பின் ஈவார் செய்துகொண்டவர்களிடையேதான் இறப்பு அதிகம். சரிசெய்ததாகச் சொன்ன வீக்கமே மீண்டும் வெடித்தது அதற்கு முக்கியக் காரணம்.

திறந்த அறுவையில் வீங்கிய பகுதியைப் பிளந்து, செயற்கைக் குழாயை நல்ல தமனியோடு தைத்துவிடுகிறார்கள். ஈவாரில் வீங்கிய பை அப்படியே வயிற்றுக்குள் இருக்கிறது. உள்ளே விரித்த ஸ்டென்ட் கிராஃப்டை, அதாவது உலோகச் சட்டத்தில் துணி போர்த்திய குழாயை, தாங்குவது உலோகத்தின் விரிவிசையும் சில கொக்கிகளும்தான். வீக்கத்துக்கு மேலுள்ள தமனியின் கழுத்து நாளாக நாளாக அகன்றால் பிடி தளர்கிறது, குழாய் நழுவுகிறது, ரத்தம் பைக்குள் பாய்கிறது. இணைப்பு விலகினாலும் துணி கிழிந்தாலும் அதே கதி. பையிலிருந்து பிரியும் சிறு கிளைத் தமனிகள் வழியே பின்னோக்கி வரும் இரண்டாம் வகைக் கசிவு பெரும்பாலும் தொல்லை தராது என்கிறார்கள். பை வளராதவரை சரி. 58 மி.மீ. இருந்த பை அடுத்த ஸ்கேனில் 64 ஆகியிருந்தால்? நோயாளிக்கு வலி இராது, எதுவும் தெரியாது. ஸ்கேனுக்கு வராமல் நின்றுவிட்டவருக்கு அந்த எண்ணும் தெரியாது. ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டிய ஒன்றைக் குணம் என்று சொல்லி அனுப்புவது அநியாயம்.

புதிய கருவிகள் பழையவை போலல்ல என்பார்கள். பையையே பாலிமரால் நிரப்பிக் கசிவுக்கு இடமில்லாமல் செய்யும் என்றுதான் நெல்லிக்ஸ் என்ற கருவி வந்தது. நழுவலும் கசிவும் பை வளர்ச்சியும் தொடர, 2019-இல் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே பொருத்தியவர்களின் வயிற்றிலிருந்து யார் திரும்பப் பெறுவது?