முறுக்கினால் ஓடும், பிடித்தால் நிற்குமா?

சைக்கிளை வீட்டிலேயே மின்சைக்கிளாக்கும் வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் ஒரே முடிவுதான்: ஆக்சிலேட்டரை முறுக்குவார், வேகமானி 30ஐத் தொடும், நண்பர்கள் கைதட்டுவார்கள். பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறதுன்னு யாரும் காட்டுவதில்லை.

மிதித்து 15 கி.மீ. வேகத்தில் போன வண்டி 30இல் போனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. பேட்டரி, மோட்டார் எடை தனி. நம்மூர் கறுப்பு சைக்கிளில் இருப்பதோ ராடு பிரேக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம்மும். மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும். கிட்டோடு வரும் பிரேக் லீவரில் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச் இருக்கும், நல்ல விஷயம். ஆனால் அது கேபிள் பிரேக்குக்கானது, ராடை இழுக்காது. அதனால் லீவர் பெட்டியிலேயே கிடக்கிறது!

ஹப் மோட்டாரின் அச்சு ஃபோர்க்கை விட்டுத் திமிறாமல் இருக்க டார்க் ஆர்ம் வேணும். அதையும் சிலரே சொல்கிறார்கள்.

இந்தியாவில் 250 வாட்டுக்குள், 25 கி.மீ.க்குக் கீழே என்றால், இன்னும் சில நிபந்தனைகளோடு, பதிவும் லைசென்சும் தேவையில்லை. இந்த வரம்பைக் கேலி பண்ணிவிட்டு 350 வாட் மாட்டுகிறவர்கள் அலாய் ரிம்மும் கேபிள் பிரேக்கும் மாற்றிக் காட்டும் வீடியோ இருந்தால் அனுப்புங்க, பார்க்கிறேன்.