குன்றக்கூறலும் கணனி நூலகமும்

நூலின்கண் நிகழும் குற்றங்களைப் பத்தாக வகுத்த நன்னூலார் குன்றக்கூறலை அவற்றுள் முதலில் வைத்தார். சொல்லவேண்டியதனைக் குறைத்துச் சொல்லுதலாகிய இக்குற்றம் இலக்கண நூல்களுக்கு மட்டும் உரியதன்று. செய்நிரல் மொழிகளுடன் 'நியம நூலகம்' என்றொரு தொகுதி வழங்கப்படுகின்றது. வரியொன்றை வாசித்தல், எண்ணை மட்டந்தட்டல், நினைவகத்தில் ஓரிடத்துள்ளதனைப் பிறிதோரிடத்திற்குப் பிரதிசெய்தல் முதலிய கருமங்களுக்கான ஆயத்த நிரல்கள் அதனுள் அடங்கும். அவற்றைப் பயன்படுத்துவோருட் பெரும்பாலார் உள்ளிருக்கும் நிரலைப் படிப்பதில்லை. அதன் விளக்கவுரையையே படிக்கின்றனர். ஆதலின் உரையின் பிழை அவர்தம் செய்நிரலின் பிழையாகிவிடுகின்றது.

உரைப்பிழையை அறிவித்தல் அச்சுப்பிழை திருத்துவது போன்ற சிறுபணி என எண்ணுவாருளர். இது பொருந்தாது. உரை ஒன்று கூற நிரல் வேறொன்று செய்யின், அவற்றுள் எது பிழையென்று துணிதல் திறனாய்வின்பாற்படும். சி மொழியின் 'மெம்கொப்பி' இதற்குத் தக்க சான்று. நினைவகத்தின் ஒரு பகுதியிலுள்ள பைற்றுகளை மற்றொரு பகுதிக்குப் பிரதிசெய்வது அதன் தொழில். இரு பகுதிகளும் ஒன்றன்மேலொன்று கவியலாகாது, கவியுமாயின் 'மெம்மூவ்' என்பதனைப் பயன்படுத்துக என உரை விதித்தது. ஆயினும் விதியை மீறியோருக்குப் பலகாலும் தீங்கு நேரவில்லை. 2010 இல் லினக்ஸ் சார்ந்த பெடோரா 14 வெளிவந்தபோது, அதிலிருந்த குனூ சி நூலகம் விரைவு கருதிச் சில செயலிகளிற் பைற்றுகளைப் பிரதிசெய்யும் ஒழுங்கை மாற்றியிருந்தது. விதியை மீறியிருந்த அடோபி பிளாஷின் ஒலி சிதைந்தது. பிழை பிளாஷினுடையதே என ஒரு சாரார் உரையைச் சுட்டினர். இயங்கிவந்ததொன்று இயங்காதொழியின் பயனாளருக்கு விதியின் நியாயத்தால் ஆவதென்ன என்பது லினஸ் டோர்வால்ட்ஸின் வாதம்.

இரு சாராரும் ஓரளவிற்கே சரி. உரை பொய் கூறவில்லை, குன்றக்கூறியது. 'ஆகாது' என்ற உரை, மீறின் யாது விளையும் என்பதனையோ, இன்று விளையாதது நூலகத்தின் அடுத்த பதிப்பில் விளையலாம் என்பதனையோ கூறவில்லை. மொழியின் நியமம் அதனை 'வரையறையற்ற நடத்தை' என்றது. நியமம் இயற்றியோருக்கு அத்தொடர் தெளிவு. புதிதாகக் கற்பவனுக்கோ மயங்கவைத்தல். நூலகத்தின் 2.14 ஆம் பதிப்பு, முன்னர் கட்டப்பட்ட செய்நிரல்கள் பழைய ஒழுங்கிலேயே இயங்க வழிசெய்தது. பின்னர் லினக்ஸ் கைந்நூலின் மெம்கொப்பிப் பக்கத்தில் இவ்வரலாறே ஒரு குறிப்பாக இடம்பெற்றது. நூலகத்திற் செய்த திருத்தத்தினும் இக்குறிப்பே பெரிது எனலாம்.

உரை சரியாயிருக்க வாசகன் பிழை காணும் நிலையும் உண்டு. பைதன் மொழியில் 2.675 என்பதனை இரண்டு தசமதானங்களுக்கு மட்டந்தட்டின் 2.67 வரும், 2.68 வராது. இது வழுவன்று எனக் கூறும் அம்மொழியின் உரை, தசமப் பின்னங்களுட் பெரும்பாலானவை கணனியின் துவித எண்முறையில் முற்றாக அமையாமையைக் காரணமாகவும் காட்டுகின்றது. வாசகனின் ஐயத்தை முன்னுணர்ந்த இவ்வுரை பாராட்டற்பாலது. தம் குறையைத் தாமே கூறும் மரபும் இத்துறையிற் பழையதே. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1971 இல் ஆக்கிய யுனிக்ஸ் கைந்நூல், 'வழுக்கள்' என ஒரு தலைப்பையே ஒதுக்கியிருந்தது.

எப்பதிப்பு, எப்பக்கம், எவ்வாக்கியம் என்பவற்றைச் சுட்டி, அவ்வாக்கியம் பொய்ப்படுவதனைச் சில வரிச் செய்நிரலாற் காட்டி, மாற்றுவாக்கியமும் தருவதே நிறைவான அறிவிப்பு. பைதன் மொழியார் உரைப்பிழைகளையும் நிரற்பிழைகளையும் ஒரே பதிவேட்டில் ஏற்பது இவ்வகையிற் பொருத்தமானதே. ஆயினும் 'விளங்கவில்லை' என்று மட்டும் எழுதுவோரின் அறிவிப்பை எளிதில் தள்ளிவிடலாகாது. நிரலையும் அறிந்த உரையாசிரியர் தாம் சொல்லாது விட்டதனைத் தம்மையறியாமலே நிரப்பிப் படித்துவிடுவர். அத்தகைய அறிவிப்பைப் பதிவேட்டிலிருந்து அகற்றுமுன், வாசகன் இடறிய வாக்கியம் யாதென்றாவது வினவுதல் வேண்டும்.