வரவைக் கணக்கில் எடுக்காத ஒழுங்கு

மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை முன்போல ஒழுங்காக வைத்திருக்கும் முயற்சியை ஏறக்குறைய விட்டுவிட்டதாக மரி கோண்டோ 2023 ஜனவரியில் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. 2014-ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய புத்தகமும் 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரும் அந்த ஜப்பானியப் பெண்ணை ஒழுங்குக்கே மறுபெயர் ஆக்கியிருந்தன. பலர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவருடைய முறை எதைத் தாங்கும், எங்கே நொடிக்கும் என்பதை அவர் வீடே காட்டிவிட்டது. சிறு பிள்ளைகளோடு சின்ன வீட்டில் வாழ்கிறவர்கள் அந்த முறையை எடைபோட இது நல்ல இடம்.

சின்ன வீடு என்று நான் சொல்வது, பிரதமர் வீட்டுவசதித் திட்டம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு வரையறுத்த 30 சதுர மீட்டர் வீட்டை. ஏறத்தாழ 323 சதுர அடி. அல்லது அதைவிடக் கொஞ்சம் பெரிய, ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டை. அங்கே கூடத்தில்தான் சாப்பாடு, படிப்பு, விளையாட்டு எல்லாம். இரவில் படுப்பதும் அங்கேதான். வைக்க இடமில்லாத பொருள் தரையில் கிடக்கும். தரையில் கிடந்தால் ராத்திரி பாய் விரிக்க முடியாது.

கோண்டோவின் முறை அறை அறையாகப் போவதில்லை. வகை வகையாகப் போகிறது. முதலில் துணி, அடுத்து புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில் நினைவுப் பொருட்கள். ஒரு வகையில் வீட்டில் உள்ள அத்தனையையும் ஒரே இடத்தில் குவிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, மனம் மகிழ்ந்தால் வைத்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். மிஞ்சியதற்கு நிலையான இடம் ஒன்று ஒதுக்க வேண்டும்.

இதில் குவிப்பதன் பலனை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பீரோவில் கொஞ்சம், கொடியில் கொஞ்சம், கட்டிலடிப் பெட்டியில் கொஞ்சம், ஊரிலிருந்து வந்து இன்னும் பிரிக்காத பையில் கொஞ்சம் என்று பிள்ளைகளின் துணி நாலு இடத்தில் இருக்கும்வரை, இருப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அடுத்த பண்டிகைக்கும் வாங்குகிறோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும்போதுதான் ஒரே அளவில் மூன்று ஸ்வெட்டர்களும், ஒரு கல்யாணத்துக்கு மட்டும் உடுத்திய பட்டுப்பாவாடையும் வெளியே வருகின்றன. முதலில் கழித்துவிட்டு அதன் பிறகே பெட்டி வாங்கு என்று அவர் சொல்வதும் சரி. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் முதலில் வந்துவிடுகின்றன. கொஞ்ச நாளில் அவையே இடத்தை அடைக்கின்றன. துணியை மடித்து நிமிர்த்தி அடுக்கும் அவர் பாணி இழுப்பறைகளுக்குப் பொருந்தும். நம் பீரோவின் திறந்த தட்டில் அந்த மடிப்பு சாய்ந்து விழும். ஆனால் காலி செருப்புப் பெட்டிகளைப் பயன்படுத்தச் சொல்வதும் அவர்தான். அந்த அட்டைப்பெட்டியைத் தட்டில் வைத்து அதற்குள் அடுக்கினால் மடிப்பு நிற்கிறது, குழந்தையே தன் சட்டையை எடுக்கிறது.

நிலையான இடம் என்ற கருத்துதான் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மிகவும் உதவுவது. இதை அவருக்கு வெகுகாலம் முன்பே செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி. ரோமின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1907-ல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில், அலமாரிகள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்; எடுத்ததை அதே இடத்தில் வைப்பதும் பாடத்தின் ஒரு பகுதி. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த முறையின் சாரத்தை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு செலவும் இல்லை. பள்ளிப் பை மாட்டும் கொக்கியை அப்பாவின் தோள் உயரத்தில் அடித்துவிட்டு, பையைத் தரையில் போடாதே என்று நாலு வயதுப் பிள்ளையைத் திட்டுவது நியாயமில்லை.

இனி கோண்டோ முறையின் குறைகள். பச்சைக்குழந்தை தூங்கும் முக்கால் மணி நேரத்தில் ஒரு வீட்டின் துணியையெல்லாம் குவித்துப் பிரித்து முடிக்க முடியாது. குழந்தை விழித்துக்கொள்ளும், குவியல் நடுக்கூடத்தில் நிற்கும், இரவுக்குள் எல்லாம் பழைய இடத்திலேயே திணிக்கப்படும். இன்று உள்ளாடை, நாளை பள்ளிச் சீருடை என்று வகையைச் சிறு கூறுகளாக உடைத்தால் சமாளிக்கலாம். ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லும் அவர் விதியை மீறித்தான் அதைச் செய்ய வேண்டும்.

மகிழ்ச்சியை அளவுகோலாக வைப்பது இதைவிடப் பெரிய சிக்கல். மழைக்கோட்டும் பால்புட்டி கழுவும் பிரஷும் யாருக்கும் மகிழ்ச்சி தருவதில்லை. முதல் பிள்ளையின் சட்டைகளை இரண்டாவதுக்காக எடுத்து வைப்பதும், அக்கா மகன் போட்டது தம்பி மகனுக்குப் போவதும் நம் குடும்பங்களின் சிக்கனம். தேவைப்பட்டால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருப்பவர்களுக்குக் கழிப்பது எளிது. ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு, எடுத்து வைப்பது பற்றுதல் அல்ல, சேமிப்பு. ஆனால் அந்தச் சேமிப்புக்கு எல்லை வேண்டும். பரணில் போட்டதை நாம் வைத்திருப்பதாக நினைக்கிறோம். எந்த மூட்டையில் எந்த வயதுத் துணி என்று எழுதி ஒட்டாவிட்டால், தம்பிக்கு அது நினைவுக்கு வரும்போது அவன் அந்த அளவைத் தாண்டியிருப்பான்.

என் முக்கியமான மறுப்பு வேறு. இந்த முறை இருப்பை எண்ணுகிறது. குழந்தைகள் உள்ள வீட்டை நெரிப்பது வரவு. ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்வந்தால் ரிட்டர்ன் கிஃப்ட். தாத்தா பாட்டி வரும்போது ஒரு கார். திருவிழாக் கடையில் அழுது வாங்கிய துப்பாக்கி. பள்ளியிலிருந்து வாரந்தோறும் வரும் கைவேலை. மறுபடி மறுபடி குழந்தையின் அளவே மாறிவிடுவதால், போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இந்தத் தீபாவளிக்கு வெறும் சுமை. ஒருமுறை முழுதாகக் கழித்துவிட்டால் பிறகு குலையாது என்ற கோண்டோவின் வாக்குறுதி, வரவு நின்றுபோன பெரியவர்களின் வீட்டுக்கு உண்மையாக இருக்கலாம். இங்கே வாசலில்தான் காவல் வேண்டும். பிறந்தநாளுக்கு நோட்டும் கிரேயானும் போதும் என்று உறவுகளிடம் சொல்லிவிடுவது, ஒரு நாள் முழுக்க ஒதுக்குவதைவிட அதிகம் சாதிக்கும். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும். சொல்லத்தான் வேண்டும்.

பொம்மை குறைந்தால் நல்லது என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. 36 சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். எண்ணிக்கை சிறியது, நடந்தது ஆய்வகத்தில். அதைவிட, கண்முன் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் அது சோதித்தது. வீட்டில் மொத்தம் எத்தனை என்பதை அல்ல. எனவே இது தூக்கி எறிவதற்கான சான்றாகாது. பாதியைக் கட்டி மேலே வைத்து, சில வாரம் கழித்து மாற்றி இறக்குவதற்கு வேண்டுமானால் ஆகும். செப்புச் சாமான் இறங்கும் நாளில் கட்டைகள் மேலே போகும். குழந்தைக்கு அவை புதியவை போலவே இருக்கும்.

இத்தனையும் யார் செய்வது? எல்லா ஒழுங்கு முறைகளும் இந்தக் கேள்வியை வேகமாகக் கடந்துவிடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸில் இருவரும் வேலைக்குப் போகும் 30 தம்பதியரிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், தம் வீட்டை அடைசலாகவும் முடிக்காத வேலைகள் நிறைந்ததாகவும் விவரித்த மனைவிகளுக்கு, மன அழுத்தச் சுரப்பான கார்ட்டிசால் பகல் முழுக்க இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. இந்தியாவில் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். ஒழுங்கான வீடு என்ற ஆசையும் இந்த 299-க்கு மேல்தான் ஏறி உட்காருகிறது. மகிழ்ச்சி தருகிறதா என்று ஒவ்வொரு பொருளையும் கேட்பதும், பரண் மூட்டையில் சீட்டு ஒட்டுவதும், பொம்மைகளை மாற்றி இறக்குவதும் தாயின் தலையில் விழுந்தால், அந்த வீடு சுத்தமாகத் தெரிந்தாலும் நான் அதை வெற்றி என்று சொல்லமாட்டேன். பாயை விரிக்கும் முன் பத்து நிமிடம் அப்பாவும் பிள்ளைகளும் கூடத்தை ஒதுக்கட்டும். பொம்மைகள் கூடையில் கலந்து கிடந்தாலும் பரவாயில்லை. அம்மா திரும்ப அடுக்க வேண்டியதில்லை.