பி.எச். 8 என்று எழுதினால் போதாது

டிரிஸ் பஃபர் தயாரிப்பது உயிர்வேதியியல் ஆய்வகத்தின் அன்றாட வேலை. 121.1 கிராம் டிரிஸை 800 மில்லி நீரில் கரைத்து, காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, மீட்டர் 8.0 காட்டும்வரை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டு, கடைசியில் 1 லிட்டராக்குகிறோம். மீட்டரையே நம்பிச் செய்யும் இந்த முறையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

இதன் பலம் பெரியது. ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாட்டின்படி கணக்கிட்டு நிறுத்தாலும், உப்பு ஈரம் உறிஞ்சியிருந்தால் விடை பிசகும். செறிவு கூடக்கூடச் சமன்பாடும் உண்மையிலிருந்து விலகும். மீட்டரோ பீக்கரில் இருக்கும் கரைசலையே அளக்கிறது. அதன் அளவுதிருத்தம் சரியாக இருந்தால் இந்தப் பிழைகள் பிடிபட்டுவிடும்.

ஆனால் அந்த எண் பலவற்றைச் சொல்வதில்லை. முதலாவது, வெப்பம். அமிலம் விட்டதும் பீக்கர் கைக்கே சூடாகத் தெரியும். டிரிஸின் பி.எச். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.03 இறங்கும். சூட்டில் 8.0 வைத்த கரைசல் ஆறியதும் ஏறிவிடும். 25 டிகிரியில் 8.0 ஆக இருப்பது 4 டிகிரி குளிரறையில் ஏறக்குறைய 8.6.

இரண்டாவது, உப்பு. 50 மில்லிமோலார் டிரிஸில் அமிலம் கூடி 7.0-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் எண் 8.0-க்குத் திரும்பிவிடும், ஆனால் லிட்டருக்கு ஏறத்தாழ 19 மில்லிமோல் சோடியம் குளோரைடு கூடுதலாகத் தங்கிவிடும். மாணவப் பருவத்தில் நான் இப்படித் திருத்திய பஃபரில், அயனிப் பரிமாற்றப் பத்தியில் ஒட்டவேண்டிய புரதம் ஒட்டாமல் வழிந்துபோனது. குறிப்பேட்டில் இருந்ததோ ‘டிரிஸ், பி.எச். 8’ மட்டுமே. காரணம் தேடவே பல நாள் ஆயிற்று.

மூன்றாவது, கன அளவு. தொடக்கத்தில் சொன்ன செய்முறையில் முதலிலேயே 1 லிட்டர் நிரப்பிவிட்டு அமிலம் விட்டால், விட்ட ஏறத்தாழ 42 மில்லி அமிலத்தின் அளவுக்குச் செறிவு குறையும்.

கணக்கும் மீட்டரும் கைகோத்தால் இவற்றில் பெரும்பகுதி தீரும். 0.1 மோலார் அசிட்டேட் பஃபர் பி.எச். 5.0-இல் வேண்டுமென்றால், லிட்டருக்குச் சோடியம் அசிட்டேட் 63.5 மில்லிமோல், அசிட்டிக் அமிலம் 36.5 மில்லிமோல் என்று கலந்தாலே இலக்கை நெருங்கிவிடலாம். மீட்டர் சரிபார்க்கும் சாட்சியாக நிற்கட்டும். எல்லை தாண்டிய கரைசலைத் திருத்தாமல் கொட்டிவிடுவது நல்லது. எந்த அமிலம், எத்தனை மில்லி, எந்த வெப்பநிலை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தால்தான் அடுத்தவர் அதே பஃபரை மறுபடி செய்ய முடியும்.